நீ உதைத்துத் தள்ளிய கற்கள்

டேரில்,

நானும் உன் மகள் பிரின்னும் பின்னால் வருகிறோம் என்று தெரிந்தும், பாதை காட்டும் கற்குவியல்களை ஏன் உதைத்துத் தள்ளினாய்? எனக்கு விடை தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் உன்னோடு வாழ்ந்தும் தெரியவில்லை.

பாலைவனத்தில் மனிதன் தடம் இருக்கக் கூடாது என்பது உன் கொள்கை. வெறும் பாறையில் யாரோ அடுக்கிவைத்த நாலு கல்கூட உன் கண்ணை உறுத்தும். உனக்கு யூட்டாவின் அந்தப் பள்ளத்தாக்கு மனப்பாடம். எங்களுக்கு அந்தக் கற்கள்தான் வழி. மூன்று மணி நேரம் பாறைமேல் சுற்றினோம். தண்ணீர் தீர்ந்துபோனது. உன் மகள் நடுவெயிலில் வாந்தி எடுத்தாள்.

ஒருவழியாகக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது நீ பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாய்.

"மேப் பாக்கத் தெரியாதா? பெரிய படிப்பு படிச்சவளாச்சே!"

பிரின்தான் கேட்டாள்: "நாங்க அங்கேயே செத்துக் கிடந்திருந்தா, அதுவும் அசிங்கம்னு அப்புறப்படுத்தியிருப்பியாப்பா?"

நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் சொல்லாமல் ஓடிப்போனதாக உன் அண்ணனிடம் சொன்னாயாம். மறுநாள் நடந்தது இதுதான். காலையில் பிரின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் பையையும், ஐந்து கேலன் தண்ணீரையும், மிச்சமிருந்த சாப்பாட்டையும் உன் கண்ணெதிரே இறக்கிவைத்தேன். "வீட்டுக்குப் போறோம்" என்றேன். நீ காப்பியிலிருந்து தலை நிமிரவில்லை. வண்டியைக் கிளப்பியதும் கையசைத்து, "வரும்போது ஐஸ் வாங்கிட்டு வா!" என்று கத்தினாய்.

இப்படிக்கு,
உன் மகளின் தாய்