சீருடையோடு இறங்க வேண்டாம்

சிகாகோ, 1919 மார்ச்

என் லூடிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இதைப் பக்கத்து அறை டோபின் எனக்காக எழுதுகிறார். நீ நம் பாதிரியாரிடம் மட்டும் படிக்கக் கொடு.

நம் மகன் எஸ்ரா பிரான்ஸ் சண்டையிலிருந்து முழுசாக வந்து என்னோடு இருக்கிறான். சனிக்கிழமை மிசிசிப்பி ரயிலில் அங்கே நம்மூருக்கு வருகிறான், பட்டாளத்துச் சட்டையோடு.

"கழட்டிட்டுப் போடா" என்றேன்.

"ஜெர்மன்காரன் குண்டுக்கே கழட்டல, நம்மூர் வெள்ளைக்காரக் கடைக்காரனுக்கா கழட்டணும்? நீங்க வேறப்பா!" என்று சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷம் முன்னே ஸ்பெயின் சண்டை முடிந்து என் தம்பி ஆமோஸ் இப்படித்தான் சட்டையோடு இறங்கினான். கறுப்பனுக்குப் பட்டாளத்துச் சட்டையா என்று அன்றைக்கே வெள்ளைக்காரர்கள் அவனைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். கயிற்றை அறுத்தவன் நான். சட்டையில் ஒரு பித்தளைப் பொத்தான்கூட மிச்சமில்லை, ஞாபகத்துக்கென்று பிடுங்கிப் போயிருந்தார்கள்.

அதனால் நீ நம்மூருக்கு முந்தின ஸ்டேஷனுக்கே போய் அவன் வரும் ரயிலில் ஏறு. அவன் மாற்றிக்கொள்ள என் வயல் உடுப்பை எடுத்துப் போ. எஸ்ரா திரும்பும்போது கொஞ்சம் கரும்புப்பாகு கொடுத்தனுப்பு, இங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை.

தபால்காரர் வந்துவிட்டார். எஸ்ரா என் பேச்சைக் கேட்கமாட்டான், நீ அழுதால் கழட்டுவான். அழு லூடி, ரயிலில் நாலு பேர் பார்த்தாலும் அழு.

உன் ஹோசியா