அடங்கிப்போன நாற்றம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று குத்தம்பாக்கம் யார்டில் கச்சா எண்ணெய் ஏற்றிவந்த டேங்கர் லாரியைக் கழுவும் வேலை. மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. எண்ணெயில் இருக்கிற கந்தகம்தான் அப்படி வாயுவாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கூட வேலை செய்யும் காதர் பாய், "நாத்தம் போயிடுச்சு மச்சான், நான் எறங்குறேன்" என்றார். எனக்கும் நாற்றம் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த வாயு முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும்.

சூப்பர்வைசர் கையிலிருந்த வாயு மீட்டர் பூஜ்யம் காட்டியது. "மிசினே சொல்லுது, இன்னும் இன்னா?" என்று அவசரப்படுத்தினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாயை நிறுத்திவிட்டு, பக்கத்து யார்டில் வேறு மீட்டர் கேட்டு வாங்கிவந்து, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். பாதி இறங்குவதற்குள் அலறியது. பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேட்டரி போயிருக்கும்" என்றார் சூப்பர்வைசர். பேட்டரி போன மீட்டர் எப்படிப் பூஜ்யம் காட்டும்? கொடுங்கள், பார்க்கிறேன் என்றேன். தராமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போன வாரம் அதே பூஜ்யத்தை நம்பித்தான் நான் இறங்கினேன். மேலே வந்ததும் தலை சுற்றி விழுந்தேன். வெயில் என்று சொன்னதும் அவர்தான்.