பால்டின் திறக்கிற கத்தி

12 பெப்ரவரி 1957, செவ்வாய்

அப்பாவின் காலுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் கடையில் ஏணியிலிருந்து விழுந்தவர். அன்றிலிருந்து எங்கள் இரும்புச் சாமான் கடையின் கல்லாவில் நான். ஹட்டன் கடைத்தெருவிலேயே கல்லாவில் உட்காரும் ஒரே பெண் நான்தானாம். சின்னத்தம்பி அண்ணன் அதைப் பெருமையாகச் சொல்கிறாரா, பயந்து சொல்கிறாரா தெரியவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கடையில் வேலை பார்ப்பவர், எதையும் ஒரே முகத்தோடுதான் சொல்வார்.

இன்று கொழும்பிலிருந்து பெட்டி வந்தது. ஜெர்மனி மடக்குக் கத்திகள். ஒரே கைப்பிடிக்குள் அலகு, டின் வெட்டி, போத்தல் திறப்பான், தோலில் துளை போடுகிற ஊசி. எல்லாம் மடங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொள்கின்றன. திறந்து திறந்து மூடியதில் என் நகம் ஒன்று போயிற்று.

முதல் கத்தியை வாங்கியது வீரம்மாக்கா. குயில்மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது இவர்தான். கேட்டு வந்தது வெறும் டின் வெட்டி. அது தீர்ந்துபோயிருந்தது.

“ஆணியும் கல்லும் வச்சுப் பால்டின்னத் தட்டித் தட்டி என் வெரலப் பாருங்க பாப்பா. அதுக்குள்ள பதினஞ்சு புள்ளைகளும் கத்த ஆரம்பிச்சிருதுக.”

மடக்குக் கத்தியைக் காட்டினேன். டின் வெட்டியை மட்டும் திறந்து, காற்றில் ஒரு டின்னை வெட்டிப் பார்த்தார். “ஏயப்பா, இது நல்ல புள்ள!” என்று இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

14 பெப்ரவரி, வியாழன்

கண்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அடுத்த மாதம் பதினேழாம் தேதி. துணிக்கடைக்காரர் குடும்பம். அம்மா இப்போதே முந்திரிப்பருப்பு வாங்கி ஒளித்துவைத்துவிட்டாள்.

24 பெப்ரவரி, ஞாயிறு

வீரம்மாக்காவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம்!

சின்னத்தம்பி அண்ணன் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்திருக்கிறார். வீட்டுக்கே வந்து சொன்னார். யாரோ ஒரு கிழவரின் மூட்டைக் கயிறு பஸ் கதவில் சிக்கி இறுகிவிட்டது. வீரம்மாக்கா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டிருக்கிறார். போன வாரம் அங்கே நடந்த குடிகாரச் சண்டைக்குப் பிறகு பொலிஸ் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறது. கான்ஸ்டபிள் பார்த்துவிட்டார்.

“இது கத்தி இல்லீங்க ராலஹாமி, டின் வெட்டிங்க” என்றாராம் அக்கா. கான்ஸ்டபிள்மாரை இங்கே எல்லாரும் ராலஹாமி என்றுதான் கூப்பிடுவோம். அவர் அலகைத் திறந்து கூர்முனையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “அப்ப இது என்ன?” என்று தமிழிலேயே கேட்டாராம்.

சாயந்திரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து ஜாமீன் எடுத்துப் போனார். மார்ச் இருபதாம் தேதி வழக்கு.

என் கடைக் கத்தி. நான் விற்ற கத்தி.

25 பெப்ரவரி, திங்கள்

கடை திறந்ததும் வீரம்மாக்கா நின்றார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து இஞ்சி போட்டு டீ வரவழைத்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தார்.

“இத வச்சிருந்தாப் புடிப்பாங்கன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா பாப்பா?”

“எனக்கே தெரியாதுக்கா.”

“விக்கிற ஒங்களுக்கே தெரியாதுன்னா வாங்குன எனக்கு எப்புடித் தெரியும்?”

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. குற்றவாளி என்று தீர்ப்பானால் தோட்டத்துத் துரை பெயரை வெட்டிவிடுவாராம். பிள்ளைக் காம்பராவில் கத்திக்காரியை வைத்திருக்க முடியாது என்று ஆபீசில் பேச்சாம். பெயர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். புருஷன் இல்லை, மகள் கந்தப்பளையில் கட்டிக்கொடுத்த இடத்தில் ஏழு பேரோடு ஒரே அறையில் இருக்கிறாள். எங்கே போவார்?

“சும்மா சொன்னேன் பாப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று போய்விட்டார். சண்டையே போட்டிருக்கலாம்.

1 மார்ச், வெள்ளி

வீரம்மாக்காவை அழைத்துக்கொண்டு பிரக்கிராசி லெட்சுமணனிடம் போனேன். அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு பேசுகிறவர், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தும்மல்.

எனக்குப் புரிந்தது இதுதான்: பொது இடத்தில் கூர்முனைக் கத்தியோடு நின்றால் பிடிக்கலாம். எவ்வளவு நீளம், முனை எப்படி, மடங்குமா, கையில் வைத்திருக்கத் தக்க காரணம் இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்களாம். காரணத்தை நாம்தான் காட்ட வேண்டும்.

“அப்ப நான் விக்கலாமா?”

“தாராளமா.”

“அவங்க வாங்கலாமா?”

“வாங்கலாம்.”

“வாங்கி வீட்டுக்கு எப்புடிங்க கொண்டு போறது? பறந்தா?”

தும்மல் பாதியில் நின்றுவிட்டது. “இதையே கோர்ட்டுல வந்து சொல்லுங்கம்மா. என்ன கேட்டு வாங்குனாங்க, ஏன் இதக் குடுத்தீங்கன்னு சொல்ல ஒங்கள விட்டா வேற சாட்சி இல்ல.”

கடைக்கு வந்தால், சின்னத்தம்பி அண்ணன் கண்ணாடிப் பெட்டிக் கத்திகள் மேல் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். முடிதிருத்துகிறவர் கையில் சவரக்கத்தி. வெற்றிலைக் கடையில் பாக்குவெட்டி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்கள் முழ நீளக் கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேஷன் வாசலிலேயே சிரித்துப் பேசிப் போகிறார்கள். இடுப்பில் சின்னக் கத்தி வைத்தது வீரம்மாக்கா மட்டும்தானாக்கும்!

அப்பாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்தார்.

“பதினேழாந்தேதி கண்டிக்காரங்க வர்றாங்க. இருபதாந்தேதி நீ கூண்டுல ஏறுனா என்ன நெனப்பாங்க?”

“சாட்சிக்குத்தானேப்பா.”

“பாக்குறவனுக்குக் கூண்டு கூண்டுதான்.”

9 மார்ச், சனி

அப்பா பேசவில்லை. அம்மா இருவருக்குமாகச் சேர்த்துப் பேசுகிறாள்.

17 மார்ச், ஞாயிறு

வந்தார்கள், போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பெயர் முத்துலிங்கம். நெடிய வளர்த்தி. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ரேடியோ கேப்பீங்களா?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். “கடையில கேப்பேன்” என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு... சரி, அது கிடக்கட்டும்.

அவர் அம்மாவுக்குத்தான் நான் கல்லாவில் உட்காருவது பிடிக்கவில்லை. “அதெல்லாம் கல்யாணம் வரைக்கும்தானே?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கேசரியை நீட்டினாள். பிறகு அவரே, “புதன்கிழமை நல்ல நாளு. எல்லாரும் கண்டிக்கு வந்து எங்க வீட்டப் பாத்துட்டுப் போங்க” என்றார்.

புதன்கிழமை. இருபதாம் தேதி.

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று அப்புறம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு எப்படியும் தெரியத்தானே போகிறது? இப்போது மறைத்துவிட்டு அந்த வீட்டில் போய் எத்தனை நாள் மறைப்பேன்?

“புதன்கிழமை எனக்குக் கோர்ட்டுல வேல இருக்குங்க” என்றேன்.

கரண்டி தட்டில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முழுக்கதையையும் சொன்னேன். கத்தி, பால்டின், கயிறு, எல்லாம். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஏண்டி ரஞ்சிதம், ஒனக்கு இது தேவையாடி? தேவதான். தெரியல. தூங்கணும்.

20 மார்ச், புதன்

கோர்ட். இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

வீரம்மாக்கா மஞ்சள் சேலை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் கூப்பிடும்வரை விடவில்லை.

கான்ஸ்டபிள் நடந்ததை நடந்தபடியே சொன்னார். “யாரையாவது மிரட்டினாளா?” என்று பிரக்கிராசி கேட்டதற்கு, “இல்லை, கிழவருக்குக் கயிறு வெட்டிக்கொடுத்தாள்” என்றார். அந்த ராலஹாமி மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று.

வழக்கை நடத்திய சார்ஜன்ட் விடவில்லை. வீரம்மாக்காவைக் கேட்டார். “ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா உண்டா?”

“இல்லீங்க.”

“அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பிள்ளைக்குப் பால்டின் உடைக்கப் போனாய்?”

கோர்ட்டே சிரித்தது. நான் யோசிக்காத கேள்வி. பிரக்கிராசியும் யோசிக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வீரம்மாக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “தோட்டத்துல குடுத்த டின் வெட்டிய லயத்துல வச்சுட்டு டவுனுக்கு வந்தேங்க. திரும்பிப் போனா இல்ல. இது எங்காசு போட்டு வாங்குனது, இடுப்புலயே வச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமன்னு இடுப்பக் கழட்டி வச்சுட்டு வர முடியுங்களா ஐயா?”

மொழிபெயர்ப்பு முதலியார் இதை இங்கிலீஷில் சொல்லப் பட்ட பாடு! இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் தானே சிரித்துவிட்டார். மாஜிஸ்ட்ரேட் ஐயா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து நான். கூண்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. சத்தியம் செய்தபோது என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

“இந்தக் கத்தியை விற்றது நீங்களா?”

“ஆமாங்க. அவங்க கேட்டது டின் வெட்டிதான். எங்கிட்ட தனி டின் வெட்டி தீந்துபோச்சு. இருந்திருந்தா அதத்தான் குடுத்திருப்பேன். இந்தக் கத்திய நான்தான் காட்டுனேன். அவங்க என் முன்னால அலகத் தொறக்கவே இல்ல, டின் வெட்டியத்தான் தொறந்து பாத்தாங்க.”

சார்ஜன்ட் எழுந்தார். “இதைப் பொது வீதியில் கொண்டு போகக் கூடாது என்று சொல்லி விற்றீர்களா?”

“இல்லீங்க. எனக்கும் தெரியாது.” அதோடு வாய் நிற்கவில்லை. “தெரிஞ்சிருந்தாலும் என்னன்னுங்க சொல்றது? கடைக்கு வெளிய வீதிதான் இருக்கு. அதுல எறங்காம யாரும் வீட்டுக்குப் போக முடியாதுங்களே.”

அதிகம் பேசிவிட்டேனோ? மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “நியாயமான கேள்வி. இனிமேல் காகிதத்தில் சுற்றிக் கட்டி, பில்லோடு கொடுங்கள். நேராக வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.”

பிறகு தீர்ப்பு. சொன்ன காரணத்தை நம்பலாம், யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, எச்சரித்து விடுதலை. அலகின் முனையை மழுங்கத் தேய்த்துவிட்டுத்தான் கத்தியைத் திருப்பித் தர வேண்டும்.

முதலியார் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே வீரம்மாக்கா கூண்டுக்குள் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அதுவரை ஒரு சொட்டு இல்லை.

கத்தியை எடுத்துக்கொண்டு அதே கான்ஸ்டபிள் எங்களோடு கடைக்கு வந்தார். சின்னத்தம்பி அண்ணன் சாணைச் சக்கரத்தைச் சுற்ற, நெருப்புப் பொறி பறக்க, கூர் போயிற்று. “இன்னுங் கொஞ்சம் தேய்ங்கண்ணே, ராலஹாமிக்கு இன்னும் பயமாயிருக்காம்” என்றார் வீரம்மாக்கா. அழுத கண் காயவில்லை, அதற்குள்! ராலஹாமி மழுங்கிய முனையில் விரலை வைத்துப் பார்த்தார். கத்தியைக் கொடுத்தார். போகிறபோது கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்து, “இதுல இன்னொண்ணு கூர் இல்லாம இருக்கா? வீட்டுல கேப்பாங்க” என்றார்.

27 மார்ச், புதன்

கண்டியிலிருந்து ஆள் வந்தது. வேண்டாமாம். “கோர்ட் ஏறின பொண்ணு” என்றாராம் அந்த அம்மா. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. பிறகு ரேடியோவைப் போட்டபோது கொஞ்சம் வந்தது. அவ்வளவுதான்.

அம்மா: “அன்னைக்கே தெரிஞ்சிருந்தா முந்திரிப்பருப்பு கம்மியாப் போட்டிருப்பேன்.”

அப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும், “அந்தப் பொம்பளைக்கு வேல போகலையே?” என்று கேட்டார். போகவில்லை என்றேன். “சரி” என்று இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டார்.

14 ஏப்ரல், ஞாயிறு

வருஷப்பிறப்பு. வீரம்மாக்கா வந்திருந்தார். என்னை உட்காரவைத்து முறுக்கு ஊட்டிவிட்டார், பதினாறாவது பிள்ளை மாதிரி.

9 ஜூன், ஞாயிறு

மழை விடவே இல்லை. அப்பா கட்டுப் பிரித்த பிறகு நேற்று முதன்முறையாகக் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் ஒரு கொத்தனார் வந்தார். அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் ஆணி கேட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவர் மடக்குக் கத்தி கேட்டார். நான் முனையை மழுங்கத் தேய்த்து, காகிதத்தில் சுற்றி, பில்லைக் கட்டி, “நேரா வீட்டுக்குப் போங்க” என்று சொல்வதை அப்பா முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு முன்பே குடையை எடுத்துக்கொண்டார். “கால் வலிக்குது. நீ பாரு” என்றார். நொண்டாமல்தான் நடந்து போனார்.

24 ஜூன், திங்கள் (கொழும்பு)

கொட்டாஞ்சேனைச் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வியர்வையில் பேனா வழுக்குகிறது. இந்த ஊரில் எப்படித்தான் இருக்கிறார்களோ!

சரக்கு எடுக்கத் தனியாக வந்தேன். ரயிலில் சின்னத்தம்பி அண்ணன் ஏற்றிவிட்டார், வழக்கமான முகத்தோடு. காலையில் சித்தப்பாவோடு புறக்கோட்டை போனேன். மொத்தக் கடையில் முதலில் சித்தப்பாவைப் பார்த்தே பேசினார்கள். நான் பூட்டுகளைத் திறந்து பார்த்து இரண்டு வகையைத் தள்ளிவைத்த பிறகு என் பக்கம் திரும்பினார்கள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நன்றாயிருக்கிறார் என்றேன்.

கடைசியில் அந்தக் கடைக் கணக்குப்பிள்ளை பேனாவைத் தூக்கிக்கொண்டு, “சரக்கு யார் பேருக்கும்மா அனுப்ப?” என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் என் பெயரைச் சொல்லிவிட்டேன்.

“மனோரஞ்சிதத்துக்குச் சின்ன ரவா, பெரிய றவா?”

சின்ன ர தான் என்றேன்.