ஹாஜியார் கையெழுத்து வைத்த பூச்சி

12.01.1981, திங்கள்

கடிதம் திரும்பி வந்துவிட்டது. 'சனிக்கிழமை கரைவாகு வட்டை வயல்வெளியில் பாம்பு, தவளை பார்க்கும் பயணம்' என்று பெற்றோருக்கு எழுதியிருந்தேன். சரீபாவின் வாப்பா மர்சூக் ஹாஜியார், "இப்பிடி எழுதிப்போட்டா பிள்ளையளைக் கூட்டிப் போறா? என்ட மகள் வரமாட்டா" என்றாராம். அவர் விடாவிட்டால் மற்றப் பதினொரு வீட்டிலும் விடமாட்டார்கள்.

ஆறு வருடமாகப் போத்தலில் வெளுத்துப்போன ஒரே தவளையைக் காட்டி விலங்கியல் படிப்பிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

13.01

'பாம்பு' என்பதை வெட்டி, 'பூச்சி, தவளை' என்று புதுக் கடிதம் எழுதினேன். பூச்சியும் அங்கே இருக்கும்தானே? இது பொய்யா?

14.01

ஹாஜியார் உடனே கையெழுத்து வைத்துவிட்டார். பொய்தான். தொழுகையிலும் அதே நினைப்பு. பாம்பைக் கண்டதாகச் சரீபா வீட்டில் சொன்னால்? இந்தப் பிள்ளைகளை இனி யார் வெளியே விடுவார்கள்?

17.01, சனி

யா அல்லாஹ், எங்கே தொடங்குவது!

ஹாஜியாரின் வயலைச் செய்கிற காரைதீவு வேலப்போடிதான் வழி காட்டினார். வரம்பில் போகும்போது, "டீச்சர், அந்தா பூச்சி கிடக்கு" என்றார். தும்பியாக்கும் என்று வலையைத் தூக்கிக்கொண்டு குனிந்தேன். தாமரை இலைமேல் சுருண்டு கிடந்தது தண்ணிப் பாம்பு! "உம்மோவ்!" என்று கத்திச் சேற்றில் பொத்தென்று இருந்துவிட்டேன். பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"பூச்சி எண்டீங்களே!" என்றேன் வேலப்போடியிடம்.

"வயலுக்குள்ள அதுட பேர் சொல்லப்படா பிள்ளை. சொன்னா வழியில வந்து நிக்கும். நாங்க பூச்சி எண்டுதான் சொல்லுற. ஹாஜியாரும் அப்பிடித்தான்."

எனக்கு எப்படித் தெரியும்? நான் மருதமுனை நெசவு வீட்டுப் பிள்ளை. எங்களுக்குப் பாம்பு என்றால் பாம்பு. அப்படியென்றால் அவர் கையெழுத்து வைத்தது —

சரீபா சொன்னாள்: "வாப்பாக்குத் தெரியும் டீச்சர். முதல் கடிதத்தில பேரை எழுதினதுக்குத்தான் கோவம். ரெண்டாவதைப் பாத்துட்டு, 'வயல் அறிஞ்ச டீச்சர்' எண்டார்."

சேற்றில் இருந்தபடியே நானும் சிரித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூடை இறங்கியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு 'பூச்சி', ஏழு தவளை. மரத்தில் ஒரு தவளையின் நுரைக்கூடு! பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இரகசியம்போலக் கதைத்தார்கள். சந்தோசம், சந்தோசம்.

19.01

போத்தல் தவளையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

02.03, திங்கள்

பாடம் நடக்கும்போது சரீபா பிந்தி ஓடி வந்தாள்.

"டீச்சர், எங்கட கிணத்தடியில பூச்சி ஒண்டு கிடக்கு. வாப்பா ஒருத்தரையும் அடிக்க விடல்ல. நீங்களும் பிள்ளையளும் வந்து பாத்து எழுதினாப் பிறகுதான் துரத்துவாராம். கதிரை போட்டுக் காவல் இருக்கார்."

குறிப்புக் கொப்பிகளோடு எல்லாரும் புறப்பட்டோம். இந்த முறை நான் வலையை எடுக்கவில்லை.