பேபி தைத்த ரவிக்கை

பேபிக்கு,

சாதம் வடித்துவிட்டேன். ரசத்தை நீ எழுந்ததும் சூடு பண்ணிக்கொள்.

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவை நீ வீணாக்கவே இல்லை. தையல் வகுப்புக்கு என்று சொல்லிவிட்டுத் தினமும் தாம்பரத்தில் மேட்னி பார்த்தாய். நேற்று நீ தைத்தது என்று ஒரு ரவிக்கையும் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாய். ஊசியே தொடாமல் ரவிக்கை எப்படி வரும் என்று எனக்குப் பி.எஸ்ஸி.யில் சொல்லித்தரவில்லை. அது என் ப்ளஸ் டூ லீவில் நான் தைத்து, காட்டக் கூச்சப்பட்டுப் பெட்டியில் வைத்தது.

அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். "சின்னது கையைப் பாருடி! நீயும் படிச்சே, ஒரு பட்டன் தைக்கத் தெரியுதா?" என்று என்னைக் கேட்டாள். நீ சிரித்தாய்.

இப்போது ஈஸ்டருக்கு எடுத்த பட்டுத் துணியையும் உன்னை நம்பிக் கொடுத்துவிட்டாள். கத்திரிக்கோலை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். அம்மா வேலையிலிருந்து வந்ததும் நீயே உண்மையைச் சொல்லிவிடு. துணியை நான் தைக்கிறேன்.

அருள்மேரி

வெளியே போனால் சாவியை லோகநாயகி மாமியிடம் கொடு. தையல் வகுப்புக்குப் போவதாக அவரிடம் சொல்லாதே. அவர் மகள் அங்கேதான் படிக்கிறாள்.

அம்மாவிடம் சொல்லும்போது, ரவிக்கை தைத்தது யார் என்பதை முதலில் சொல். சினிமாவைப் பிறகு சொன்னால் போதும்.