நூற்று நான்கு டிகிரிக் காய்ச்சல்

அன்பு ராசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகமாக இருக்கிறார், நான் என் முழங்காலோடு இருக்கிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் நலந்தானே, பேத்திக்கு மூக்கொழுகல் நின்றதா. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தாலே என் குரல் தானாக நடிக்க ஆரம்பித்துவிடும், அதனால்தான் பேனா. இது நாலாவது தாள். நடுவில் மூன்று முறை எழுந்துபோய் ஒரே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன், அந்தச் செடி அழுகினால் பழி என் தலையில்தான்.

எனக்கு விருது தரும் விழாவுக்கு வர நீ டிக்கெட் எடுத்துவிட்டாய் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சந்தோஷம் இல்லாமல் இல்லை. போன வாரம் பாராட்டுப் பத்திரத்தின் நகலைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் வீட்டில் இருக்க நான் எதற்குப் பார்க்கவேண்டும், அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒரே ஒரு வரியைச் சுற்றி வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எந்த வரி என்று உனக்கே தெரியும். ஆறு வயது மகன் நூற்று நான்கு டிகிரிக் காய்ச்சலில் கிடந்தபோதும் மேடையேறி நடித்த கலைத்தாய்.

ராசா, அன்றைக்கு நாடகமே நடக்கவில்லை. கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, வந்த ஜனத்தைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ராணி வேஷத்துக்கு முகத்தில் பூசியதைக் கூடக் கழுவாமல் ஒப்பனை அறையில் உடை தைக்கும் அக்காவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். உனக்கு உடம்பு சுடுகிறது என்று தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை. ஈரத்துணி தொங்குகிற ஒற்றை அறை, உன் சிணுங்கல், கழுவாத பாத்திரம். அந்த ராணி முகத்தோடு இருந்த வரைக்கும் யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் காரணம், இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து, சினிமாவில் நாலு படம் ஓடிய பிறகு, ஒரு நிருபர் கலைக்காக நீங்க எதை இழந்தீங்கன்னு கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும். உன் காய்ச்சலை விட்டுவிட்டு மேடையேறினேன் என்று சொன்னேன், அவர் கண் கலங்கினார், நானும் கலங்கினேன். அப்புறம் பேட்டிக்குப் பேட்டி உன் காய்ச்சல் ஒரு டிகிரி ஏறியது, இன்னும் இரண்டு விருது வந்திருந்தால் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன். கொஞ்ச நாளில் எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இருபது வயதில் என்னோடு பேசாமல் போன நீ, அந்தப் பேட்டியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாயே, அத்தனை பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும்போது நீ என்னம்மா பண்ணுவேன்னு சொன்னாயே, அது நடந்தது. அன்று வாயைத் திறந்திருக்கவேண்டும். உன்னை மறுபடி இழக்கப் பயந்தேன்.

குளித்துவிட்டு வந்த அப்பாவிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போக வந்தாராம். கேட்டுல இன்னைக்கு நாடகம் இல்லைன்னாங்க, உள்ள உன் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, நீ வீட்ல அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு, திரும்பிட்டேன்னார். இத்தனை வருடம் சொல்லவில்லையே என்றதற்கு, பேப்பர்ல வந்தது மறுநாள் பழைய பேப்பர், இதைச் சட்டம் போட்டு மாட்டுவாங்க, தப்போட நம்ம சுவத்துல தொங்க வேணாம்னார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த வரியை அடித்து அனுப்பிவிட்டேன். விழாச் செயலாளர் பதறிப்போய், அங்கதாம்மா கைதட்டலே வரும்னு போனில் சொன்னார். வேண்டாம் என்றேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பத்திரம் அச்சாகிவிடும், நானே நினைத்தாலும் பின்வாங்க முடியாது, என்னை எனக்குத் தெரியும். முன் வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நீ வராவிட்டால் அப்பா அதில் தன் குடையை வைத்துக்கொள்வார், ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொள். மருமகளை வேலை சொல்லி அலைக்கழிக்காதே. பேத்திக்கு உடம்பு சுட்டால் கையால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யாதே, தெர்மாமீட்டர் வை. மூவரும் நீண்ட நாள் நிறைவாக இருக்கவேண்டும்.

உண்மையில் அன்று எத்தனை டிகிரி என்று நேற்று அப்பாவைக் கேட்டேன், எனக்குத் தெரியவே தெரியாது. நூறுதானாம். அம்மா எங்கேன்னு பதினோரு தடவை கேட்டாயாம்.

உன்
அம்மா