நியூசிலாந்தில் இந்திய எல்லை

என் கோபம்கூட எட்டாத இடத்துக்குப் போய்விட்ட அன்பு அண்ணனுக்கு,

உன் இரண்டாவது பார்சல் வந்துவிட்டது. ஆமாம், இப்போதுதான். காரியமெல்லாம் முடிந்து, உன் ஃப்ளாட் பால்கனியில் புறா கூடு கட்டிய பிறகு. கஸ்டம்ஸ் ஆபீஸ் அனுப்பிய சீட்டில் உன் பெயர், முன்னால் 'ஸ்ரீ' வேறு. உயிரோடு போய் நின்றபோது உன்னை உட்காரச் சொல்லக்கூட அந்த ஆபீசில் ஆள் இல்லை.

சிரிக்காதே. நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். அம்பாசமுத்திரத்திலிருந்து டெல்லிக்கு வந்த அரசு நிறுவன இன்ஜினியர் நீ. கல்யாணம் வேண்டாம் என்று விட்டாய், விமானம் வேண்டும் என்றாய். ஞாயிறுதோறும் ஃப்ளையிங் கிளப்புக்குப் போய் சின்ன விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டாய். மயூர் விஹாரில் உனக்குக் கீழ் ஃப்ளாட்டில் நான். அம்மா அப்பா போனபின் உனக்கு நான், எனக்கு நீ.

இங்கே தனி ஆள் ஒரு விமானத்தில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போவதற்குள் அனுமதி கேட்டே ஆயுசு போய்விடும். லைசென்ஸ் பரீட்சைக்காக ஒரு முறை வெளியூர்வரை ஓட்டிப் போய் வந்தாய், அதோடு சரி. "ஏறுன எடத்துலயே எறங்கி எறங்கி அலுத்துப்போச்சு, ஏட்டி. ஒரு ஊர்ல ஏறி இன்னொரு ஊர்ல எறங்கணும்," என்றாய். நியூசிலாந்தில் உன் லைசென்ஸைக் காட்டி, அவர்கள் ஆளோடு ஒரு முறை ஓட்டிக் காட்டினால் போதும், வாடகைக்கு விமானம் கொடுப்பார்கள் என்று கண்டுபிடித்தாய். அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நீ பக்கத்துல உக்காந்து சார்ட்டப் பாத்து வழி சொல்லுத," என்று எனக்கும் ஒரு வேலை கொடுத்தாய். லக்ஷ்மி நகர் சந்தில் ரிக்‌ஷாக்காரனுக்கு வழி சொல்லத் தெரியாத என்னிடம்!

அந்த சார்ட்டுக்காக நாம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே. மலையின் உயரம், கணவாய், ரேடியோ எண், நுழையக் கூடாத வானம் எல்லாம் அச்சிட்ட ஆகாய வரைபடம். கனாட் பிளேஸ் புத்தகக் கடைகளில் உலக அட்லஸை நீட்டினார்கள். தூதரகத்தில் ஆட்டுக்குட்டி படம் போட்ட டூரிஸ்ட் மேப் கொடுத்தார்கள். கரோல் பாகில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், "ஹவாய் ஜஹாஸ் கா ஸாஃப்ட்வேர்? ஹை நா, பையா!" என்று, விமான சாஃப்ட்வேர் இல்லாமலா என்கிற தோரணையில், ஒரு சிடியைத் தூக்கிக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் எதிரி விமானங்களைச் சுடும் விளையாட்டு. நீ அதையும் ஒரு மணி நேரம் விளையாடினாய்.

"அங்க போய் வாங்கிக்கிட்டா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"பரீட்சை ஹால்ல போயா பொஸ்தகத்தப் பிரிப்பாங்க? இங்கேயே படிச்சு மனப்பாடம் ஆகணும். மலை நடுவுல போற வழி."

கடைசியில் இன்டர்நெட்டில் நான்தான் ஆர்டர் செய்தேன். ஆறு தாள் சார்ட், வழிகாட்டும் மென்பொருள் ஒரு சிடி. எல்லாம் கடல் கடந்து டெல்லிவரை ஒழுங்காக வந்தன. டெல்லியில் மாட்டிக்கொண்டன.

வெளிநாட்டிலிருந்து வந்த மேப், அதனால் கஸ்டம்ஸில் பிடித்து வைத்தார்கள். நம் எல்லையைத் தப்பாகப் போட்டிருந்தால்? நீ வாரா வாரம் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றாய். "சார், இதில் இந்தியாவே இல்லை சார்," என்றாய். அவர் சொன்ன பதிலை வீட்டில் வந்து நடித்துக் காட்டினாயே: "இண்டியா நஹீ ஹை? க்யோங் நஹீ ஹை?" இந்தியா ஏன் இல்லை என்று உன்னையே கேட்டிருக்கிறார்! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை சார் போட்டாய் அண்ணே, அந்தக் கவுன்டரில்! ஒரு நாளாவது மேஜையைத் தட்டினாயா?

குளிர்காலம் முழுக்க வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்கள். ஆறு தாளிலும் நட்ட நடுவில் ஊதா முத்திரை: 'இதில் காட்டப்பட்டுள்ள இந்திய எல்லைகள் சரியானவை அல்ல.' நியூசிலாந்து மலை மேல் இந்திய எல்லை! நீ போக இருந்த கணவாயின் உயரம் அந்த மைக்கு அடியில் போய்விட்டது. அதைவிடப் பெரிய கொடுமை, சார்ட்டின் செல்லுபடி காலமும் முடிந்திருந்தது. சிடியை என் லேப்டாப்பில் போட்டேன். விவரங்கள் பழையவை என்று சிவப்பு எழுத்தில் எச்சரித்தது.

"அதே மலைதானண்ணே? மலை எங்க போயிரும்?" என்றேன்.

"மலை போகாது. புதுசா கம்பம் நட்டிருப்பான், ரேடியோ நம்பர் மாத்திருப்பான். காலாவதியானத வச்சுக்கிட்டு மேல ஏறக் கூடாது, ஏட்டி. அதுவும் ஒன்னய வச்சுக்கிட்டு ஏறவே மாட்டேன்."

பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினாய். மறுபடியும் ஆர்டர் செய்தோம். அது வருவதற்குள் நீ உன் ஆபீஸ் மாடிப்படியில் சாய்ந்துவிட்டாய்.

மோதி பாக் சித்தி வந்து உட்கார்ந்து, "நல்லவேள, ஆகாசத்துல வச்சு ஆகல. அந்த மேப்பு வராம இருந்ததே கடவுள் செயல்," என்றாள். வந்த கோபத்தில் கையிலிருந்த காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி கீழே சிந்தியது. என் அண்ணன் ஆசைப்பட்டது கிடைக்காமல் செத்தான், அது கடவுள் செயலா?

அன்று சாயங்காலம் உன் ஆபீஸ் நண்பர் குப்தா ஜி வந்தார். பாவம், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை அவரால். நீ மாதக்கணக்காகப் படியில் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். டாக்டரிடம் போகலாம் என்றால் கையைப் பிடித்துக்கொண்டாயாம். டாக்டரிடம் சொன்னால் விமானம் ஓட்டும் மெடிக்கல் சர்டிபிகேட் போய்விடும், நியூசிலாந்து போகும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாயாம்.

காலாவதியான சார்ட்டை வைத்துக்கொண்டு ஏற மாட்டேன் என்று சட்டம் பேசினவன் நீ. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஏற இருந்தாயே அண்ணே! பக்கத்து இருக்கையில் நான் இருந்திருப்பேனே! மலை நடுவில் உன் தலை சாய்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன், ஆறு தாளையும் மடியில் விரித்துக்கொண்டு? சித்தி சொன்னது சரியாகப் போய்விட்டதே. அதற்காகவும் உன் மேல் கோபம்.

அந்த கஸ்டம்ஸ் ஆபீஸையும் விட மாட்டேன். பார்சல் வராத ஒவ்வொரு மாதமும் நீ வலியை ஒளித்தாய். முதல் பார்சலை உடனே கொடுத்திருந்தால் வலி தொடங்குமுன் போய் வந்திருப்பாய். அதன்பின் டாக்டரிடமும் போயிருப்பாய். போயிருப்பாய்தானே?

இரண்டாவது பார்சலுக்குச் சீட்டு வந்ததும் நானே போனேன். "அவர் நேரில் வர வேண்டும்," என்றார் கவுன்டரில் இருந்தவர். இறப்புச் சான்றிதழை மேஜையில் வைத்தேன். படித்தார். "ஸாரி, மேடம்," என்றார். சொல்லிக்கொண்டே தாளைப் பிரித்து முத்திரையை மையில் ஒற்றி ஓங்கினார்.

நான் கையை விரித்து உன் கணவாய் மேல் வைத்துவிட்டேன். அவரால் நிறுத்த முடியவில்லை. முத்திரை என் புறங்கையில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் திகைத்துப்போய், "கோனே மே லகா தூங், மேடம்?" என்று கேட்டார். ஓரத்தில் போடட்டுமா என்கிறார்! ஆறு தாளிலும் ஓரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். இவ்வளவுதான் அண்ணே. ஒரு கையை வைத்தால் போதும்.

இனி உனக்குச் செய்தி. நம் பக்கம் மெட்ரோவுக்குத் தூண் எழும்புகிறது. புதுச் சிடியைப் போட்டேன், சிவப்பு எழுத்து வரவில்லை. உன் வழியை இப்போது நான் மனப்பாடம் செய்கிறேன். கணவாயின் உயரம், ரேடியோ எண், திரும்ப வேண்டிய ஆற்று வளைவு எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இது வாக்கு: இந்த சார்ட் காலாவதியாகுமுன் நான் போகிறேன். அந்த ஊர் விமானி ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். ஒரு ஊரில் ஏறி, இன்னொரு ஊரில் இறங்குவேன். ஆனால் ஏறுமுன் அந்த ஆளை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, "நெஞ்சு வலி எதுவும் இருக்கா? மறைக்காம சொல்லுங்க," என்று கேட்பேன். அவர் பதில் சொல்லும்வரை கதவைச் சாத்த விட மாட்டேன்.

புறங்கையில் மை அழிந்தும் கோபம் அழியாத,
உன் வழிகாட்டித் தங்கை,
மாலதி